பதினான்காவது வீடு

என் கணவர் பதினாறு வருடம் குற்றாலத்தில் அந்நியர்களுக்கு அறை கொடுத்தவர். ஐந்தருவி போகும் சாலையில் இருபத்திரண்டு அறைகள் உள்ள ஒரு லாட்ஜுக்கு அவர்தான் மேனேஜர். சாரல் காலத்தில் துவைத்த போர்வை மூன்று நாளானாலும் காயாது. குளிக்க வருகிறவர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அப்படியே கட்டிலில் சாய்ந்துவிடுவார்கள். தலையணை உறையில் ஏறிய கறை எந்தச் சோப்புக்கும் போகாது. வீட்டுக்கு வந்த பிறகும் அவர் சட்டையில் அந்த எண்ணெய் வாடை இருக்கும். நான் தென்காசியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்களுக்கு ஒரே மகள். நான் சொல்லப்போவது நடந்தபோது அவள் மூன்றாம் வகுப்பு.

லாட்ஜ் முதலாளி காலமானதும் பிள்ளைகள் கட்டடத்தை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் நல்ல மனிதர்தான். ஆனால் சீசன் நாலு மாதத்துக்கு மட்டும் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். மிச்ச எட்டு மாதமும் என் கணவர் தென்காசி வீட்டில், பழுதே ஆகாத மின்விசிறியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு வாரத்தில் இரண்டாம் தடவை அவர் ஏணியில் ஏறியதைப் பார்த்த அன்றுதான் நான் மாலத்தீவு வேலைக்கு விண்ணப்பம் போட்டேன்.

எங்கள் பக்கத்தில் அது புதுமையான காரியம் இல்லை. வருடா வருடம் திருவனந்தபுரத்தில் நேர்முகத் தேர்வு வைப்பார்கள். ஆங்கிலத்தில் கணக்கு, அறிவியல் எடுக்கிற டீச்சர்களுக்கு அங்கே எப்போதும் தேவை இருந்தது. பின்னங்களை எப்படிச் சொல்லிக்கொடுப்பாய் என்று கேட்டார்கள். கையில் இருந்த சப்பாத்திப் பொட்டலத்தைப் பிரித்துக் கிழித்துக் காட்டினேன். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. வேலை தலைநகரான மாலேயில்.

அன்று பள்ளி விட்டதும் பஸ் பிடித்து நேரே குற்றாலம் போனேன். ஐப்பசி மழை விட்டிருந்தது. ஐயப்ப பக்தர்கள் வரப்போகிறார்கள் என்று புது முதலாளி அவரை ஒரு வாரத்துக்குக் கூப்பிட்டிருந்தார். மொட்டை மாடியில் தகரக் கூரைக்கு அடியில் போர்வை உலர்த்திக்கொண்டிருந்தார்.

"கெடச்சிட்டு," என்றேன்.

"எங்கன?"

"மாலே. சின்னத் தீவு இல்ல. டவுன்தாம்."

போர்வையின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். இரண்டு பேருமாகப் பிழிந்தோம். "பிள்ள?" என்று கேட்டார்.

"மொதல்ல நான் போறேன். மூணு மாசத்துக்குள்ள அங்கன ஒரு வீடு பிடிக்கேன். அவ முழுப்பரீட்ச எழுதினதும் ரெண்டு பேரும் வந்துருங்க."

"வீடு பிடிக்கது என்ன, குளத்துல மீன் பிடிக்கதுன்னு நெனச்சியா?"

"பிடிப்பேன்."

அவர் அடுத்த போர்வையை எடுத்தார். இலத்தூரில் இருக்கும் என் அண்ணன் அவ்வளவு சுலபமாக விடவில்லை. அவன் போலீசில் இருக்கிறான். எதையும் விசாரணைபோலத்தான் கேட்பான். தீபாவளிக்குப் போயிருந்தபோது சாப்பாட்டுக்கு நடுவில் ஆரம்பித்தான்.

"ஏட்டி, அங்கன ஒனக்கு யாரத் தெரியும்?"

"ஒருத்தரையும் தெரியாது."

"பாஷ?"

"தெரியாது."

"பெறவு எந்தத் தைரியத்துல போற?"

"கணக்குத் தெரியும்லா," என்றேன். அண்ணி சிரித்துவிட்டாள். அண்ணன் சிரிக்கவில்லை. ஆனால் பொங்கல் முடிந்த இரண்டாம் வாரம் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் விமான நிலையம்வரை காரை ஓட்டிக்கொண்டு வந்தவன் அவன்தான். அங்கே இறங்கியதும் என் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "குக்கர் வச்சிருக்கியா?" என்று மட்டும் கேட்டான்.

விமானத்தில் ஏறி ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். தென்காசியிலிருந்து சென்னைக்கு ஓர் இரவு முழுக்க ரயிலில் உட்கார வேண்டும். நாடு விட்டு நாடு போவதற்கு ஆன நேரத்தில் நான் ஒரு தூக்கம்கூடப் போடவில்லை. மேலேயிருந்து பார்த்தால் கடலுக்கு நடுவில் ஒரு நகரம், கரை தெரியாமல் கட்டடங்களாகவே இருந்தது. இறங்கிப் பார்த்தபோதும் அப்படித்தான். குறுகின தெருக்கள், இரு பக்கமும் ஒடுங்கி உயர்ந்த வீடுகள், இடைவெளியெல்லாம் மோட்டார் சைக்கிள்கள். ஊரைச் சுற்றி நடந்தால் ஒன்றரை மணி நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். இத்தனை சிறிய ஊரில் ஒரு வீடு தேடுவது எத்தனை கஷ்டமாக இருந்துவிட முடியும் என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடம் எங்களுக்கு ஒரு தங்குமிடம் கொடுத்தது. இரண்டு அறை, அடுக்குக் கட்டில்கள், ஐந்து டீச்சர்கள். எனக்கு மேல் கட்டில். இரண்டு மாதம் அங்கே இருக்கலாம். தேவைப்பட்டால் இன்னும் ஒரு மாதம். அதற்குப் பிறகு அவரவர் பாடு. அந்த ஐவரில் ஒருவர் நாகர்கோவில் பக்கத்து அறிவியல் டீச்சர். ஏழு வருடமாக அங்கே இருந்தார். நான் குடும்பத்தோடு இருக்க வீடு தேடப் போவதாகச் சொன்னதும், இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்த மிக்சியை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"குடும்பத்தக் கொண்டு வந்து இங்க வச்சா கையில ஒண்ணும் நிக்காதும்மா. எல்லாம் வாடகைக்கே போயிரும். நாங்கள்லாம் எதுக்கு இப்படி அடுக்கில படுத்துக் கெடக்கோம்?"

"தெரியும் டீச்சர். ஆனா நான் மிச்சம் பிடிக்க வரல. மூணு பேரும் சேந்து இருக்கணும். அதுக்குத்தாம் வந்தேன்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு மிக்சியைப் போட்டார். இருந்தாலும் முதல் மூன்று வீடுகளுக்கு வழி காட்டக் கூட வந்தவர் அவர்தான். அது பெரிய உதவி. ஏனென்றால் அந்த ஊரில் வீடுகளுக்கு எண் கிடையாது, பெயர்தான். பூவின் பெயர், நிலவின் பெயர், யாரோ ஒரு பாட்டனாரின் ஆசைப் பெயர். முன்னால் ஓர் எழுத்து இருக்கும்; அது ஊரின் எந்தப் பகுதி என்று சொல்லும். அந்த எழுத்தைக் கவனிக்காமல் முதல் வாரத்தில் ஒரே பெயருள்ள வேறொரு வீட்டுக்குப் போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தை எழுப்பி நிற்க வைத்துவிட்டேன்.

பள்ளி மதியத்தோடு முடிந்துவிடும். மூன்று மணிக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குள் ஒரு வீடு, இரண்டு வீடு பார்க்கலாம். முகநூல் குழுவில் வாடகை வீட்டு விளம்பரங்கள் காலையில் வரும், மதியத்துக்குள் போய்விடும். வகுப்பு மாறும் இடைவெளியில் படிக்கட்டில் நின்று போன் பேசுவேன். "எத்தனை பேர்?" என்பார்கள். மூன்று என்பேன். "குழந்தையா?" என்பார்கள். பாதிப் பேர் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுவார்கள்.

முதலில் பார்த்த வீட்டில் ஜன்னலே இல்லை. இரண்டாவதில் ஜன்னல் இருந்தது. அதைத் திறந்தால் அரை அடியில் பக்கத்து வீட்டுச் சுவர். அன்று சாயங்காலம் வீடியோ அழைப்பில் என் கணவரிடம் இதைச் சொல்லி அலுத்துக்கொண்டேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெகு நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு சுறுசுறுப்பைப் பார்த்தேன்.

"நான் சொல்லுததக் கேளு. உள்ள நொழஞ்சதும் மொதல்ல பாத்ரூமுக்குப் போ. குழாயத் தொற. மாடித் தொட்டித் தண்ணி எத்தன நேரத்துல சூடு ஆறி வருதுன்னு பாரு. பெறவு உள்ளங்கைய செவுத்துல வச்சுப் பாரு, ஓதம் இருந்தா கையில தெரியும். ஓனர் எங்கன நிக்கான்னு பாரு."

"அது எதுக்கு?"

"கறை இருக்க எடத்துலதாம் நிப்பான். நான் பன்னெண்டாம் நம்பர் ரூமக் காட்டும்போது பாத்ரூம் கதவ ஒட்டியேதாம் நிப்பேன். பின்னால செவுரு ஊறிப் போயிருக்கும்."

"பதினாறு வருசமா இதத்தாம் செஞ்சீங்களா?"

"தொழில்லா," என்றார்.

நான் நம்பவில்லை. ஆனால் நான்காவது வீட்டில் தரகர் ஒருவர் அலமாரிக் கதவில் சாய்ந்தபடியே மொத்த வீட்டையும் கையால் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் நகருங்கள் என்று கேட்டேன். அலமாரிக்குப் பக்கத்தில் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை பூத்திருந்தது. அவருக்கு என்மேல் கோபம்கூட வரவில்லை. "நீங்களும் வீட்டுத் தரகரா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடும் இரண்டு பேருமாகப் பார்த்ததுதான். நான் படியேறுவேன், அவர் போனில் இருப்பார். ஆறாவது வீடு பிடித்திருந்தது. சமையலறையை மேல் வீட்டோடு பகிர வேண்டும், மசாலா வதக்கக் கூடாது என்றார்கள். எட்டாவது வீட்டுக்காரர் சரியென்று சொல்லி, மறுநாள் நான் போய்ச் சேருவதற்குள் ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். பத்தாவது வீட்டில் ஒரு முதியவர் என்னை உட்கார வைத்து டீ கொடுத்து, சத்தம் தாங்காது, குழந்தை வேண்டாம் என்று மிகவும் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். அன்று படியிறங்கும்போது எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அடுத்த எண்ணுக்குப் போன் போட்டேன். குரல் கம்மியதால் அந்த அம்மாள் சளி பிடித்திருக்கிறதா என்று விசாரித்தாள்.

பதின்மூன்றாவது வீடும் கைவிட்டுப் போன அன்றுதான் என் கணவர் அதைச் சொன்னார். நான் கடலோரச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். வெயில் இன்னும் இருந்தது. எனக்கு முன்னால் பிள்ளைகள் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணு சொல்லுதேன். கோவப்படாத," என்றார்.

"சொல்லுங்க."

"நீ அங்கன இரு. நான் பிள்ளையோட இங்கன இருந்துக்கிடுதேன். லீவுக்கு லீவு நீ வந்துக்கோ."

"ஏன்?"

"நான் அங்கன வந்து என்ன செய்ய? நீ பள்ளிக்கூடம் போயிருவ. அவளும் போயிருவா. நான் மாடியில உக்காந்து கடலப் பாக்கவா? இங்கன நாலு மாசமாவது நாலு பேரு என்ன அண்ணாச்சிங்காங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்றும் தெரிந்தது. சுவரிலிருந்து இறங்கி நின்றேன். பிறகு சொன்னேன்:

"எனக்கு ஒரு கட்டில் போதும்னா மொத மாசத்துலயே கெடச்சிருக்கும். மூணு பேருக்குன்னுதாம் இத்தன படி ஏறுதேன். நீங்க வரலன்னா இப்பமே சொல்லிருங்க. நான் பையக் கட்டிக்கிட்டுத் தென்காசிக்கே வந்துருதேன். பிரிஞ்சு கெடக்கதுக்கு இந்த வேல எனக்கு வேண்டாம்."

மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. மனதார நினைத்துத்தான் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார். இரண்டு நாள் மகளோடு மட்டும் பேசினேன். அப்பா என்ன செய்கிறார் என்றால், "ஃபேன் தொடைக்காங்க" என்றாள்.

மூன்றாம் நாள் நான் ஆசிரியர் அறையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். அவரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. "இன்னைக்குப் பாக்கப் போற வீட்டுல ஜன்னல் எந்தப் பக்கம்?"

அன்று எந்த வீடும் பார்ப்பதாக இல்லை. இருந்தும் "மதியம் சொல்லுதேன்" என்று எழுதிவிட்டு, இடைவேளையில் ஏழு எண்களுக்குப் போன் செய்தேன். ஏழாவது எண் ஒரு பெண். சாயங்காலம் நாலு மணிக்கு வரச் சொன்னாள். கடலோரச் சுவரில் நடந்த அந்தப் பேச்சைப் பற்றி நானும் அவரும் இன்றுவரை திரும்பப் பேசியதில்லை.

ஐந்து மாடி, லிப்ட் கிடையாது. மாடிக்கு ஒரு வீடு, காலியாக இருந்தது ஐந்தாவது. கதவைத் திறந்தவளுக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். துறைமுகத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்வதாகச் சொன்னாள். கீழ் இரண்டு மாடியில் அவள் குடும்பம். நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். எந்த ஊர் என்று கேட்டாள். தென்காசி என்றேன், அவளுக்குத் தெரியவில்லை. திருவனந்தபுரத்துக்குப் பக்கம் என்றேன். உடனே மலையாளத்துக்கு மாறிவிட்டாள்.

"எத்ர பேருண்டு?"

செங்கோட்டைப் பக்கத்தில் பிறந்தவளுக்கு அது என்ன பெரிய காரியம்? "மூந்நு பேர். ஒரு குட்டி, எட்டு வயசு," என்றேன்.

அடுத்து வழக்கமான வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். அவள் வெறுந்தரையில் உட்கார்ந்து, என்னையும் உட்காரச் சொன்னாள். மூத்த மகனுக்குச் சின்ன வயதில் முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்ததாம். அதற்காகத் திருவனந்தபுரத்தில் எட்டு மாதம் இருந்திருக்கிறாள். கணவர் கப்பலில், இவள் தனியாகப் பிள்ளையோடு. "பதினொந்நு வீடு கேறி இறங்ஙி," என்றாள். வெளிநாட்டுக்காரி, ஆண் துணை இல்லை, நடக்க முடியாத பிள்ளை. ஒருவரும் கொடுக்கவில்லை. பன்னிரண்டாவது வீட்டுக்காரர் சாவியை முதலில் கையில் கொடுத்துவிட்டு, பத்திரம் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றாராம். அந்த வீட்டில்தான் மலையாளம் படித்திருக்கிறாள்.

"நான் பதிமூணு பாத்துட்டேன்," என்றேன். பரபரப்பில் தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

உடனே கொடுத்துவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். உன் கணவரைப் பார்க்க வேண்டும் என்றாள். வீடியோவில் அழைத்தேன். அவர் குற்றாலத்தில், சீசனுக்கு முன்னால் வெள்ளை அடிப்பதை மேற்பார்வை பார்க்கப் போயிருந்தார், முகத்தில் சுண்ணாம்பு. கொல்லத்திலிருந்தும் புனலூரிலிருந்தும் வருகிற விருந்தாளிகளிடம் பேசிப் பழகிய மலையாளத்தில் வணக்கம் சொன்னார். அவள் ஒரு கேள்வி கேட்பதற்குள், சமையலறைக் குழாயைத் திறந்து காட்ட முடியுமா என்று கேட்டார். அவள் திறந்து காட்டினாள். குளியலறையைக் காட்டச் சொன்னார். காட்டினாள். பிறகு போனைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம், "எஞ்சினியரோ?" என்றாள்.

"அல்ல. ரூம் கொடுக்குந்ந ஆளா," என்றேன்.

அவள் சிரித்து முடிக்க நேரமாயிற்று. கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். வெள்ளம் பார்த்துச் செலவழிக்க வேண்டும். வெள்ளம் என்றால் அவள் மலையாளத்தில் தண்ணீர். அந்த ஊரில் ஆறு, கிணறு எதுவும் கிடையாது. கடல் நீரைச் சுத்தம் செய்து குழாயில் விடுகிறார்கள், சொட்டுக்குச் சொட்டு மீட்டர் ஓடும். வாளி வாளியாக ஊற்றி வீடு கழுவக் கூடாது. அருவியடியில் பிழைப்பு நடத்திய குடும்பம் நாங்கள். இருந்தும் கண்ணை மூடிக்கொண்டு சரியென்றேன்.

"ஜன்னல் மேக்கால," என்று அவரிடம் சொன்னேன்.

"நல்லது. காத்து வரும்," என்றார்.

மே மாதம் இரண்டு பேரும் வந்தார்கள். மகள் மூன்றாம் மாடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இன்னும் எத்தன இருக்கு?" என்று கேட்டாள். "முப்பத்தாறு படி," என்றேன். எண்ணிக்கொண்டே ஏறி, முப்பத்தேழு என்று வந்து என்னைத் திருத்தினாள். வீட்டில் ஒரு மெத்தை, ஒரு குக்கர், இரண்டு தட்டு இருந்தன. அவர் அறை அறையாகப் போய்ச் சுவரில் கை வைத்துப் பார்த்தார். "பரவால்ல, நல்லாத்தாம் பிடிச்சிருக்க," என்றார். அந்த வார்த்தைக்காக நான் காத்திருந்தேன் என்பது அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பத்து நாளில் மழை வந்தது. தென்மேற்கு மழை கேரளத்துக்கு முன்னால் அந்தத் தீவுகளைத்தான் தொடும். எங்களுக்கு மழையென்றால் மேலேயிருந்து கீழே விழும். அங்கே கடலிலிருந்து படுக்கைவாட்டில் வந்து, மேற்கு ஜன்னலின் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கு வழியாக நேரே மெத்தைக்கு வந்தது. குழாய், ஓதம், கறை என்று எல்லாம் பார்த்த மனிதர் இதைப் பார்க்கவில்லை. நானும் மகளும் மெத்தையை இழுத்தோம். அவர் துண்டைச் சுருட்டி இடுக்கில் அடைத்தபடி, "மேக்கால காத்து வரும்னேன், இது வரும்னு சொல்லலியே," என்றார். மூன்று பேரும் நனைந்துகொண்டு சிரித்தோம். மறுநாள் வீட்டுக்காரம்மாளே ஒரு பசைக் குழாயோடு வந்தாள். அவரும் அவளுமாக ஜன்னலைச் சுற்றிப் பூசினார்கள்.

முதல் நாலு மாதம் அவருக்குக் கடினமாகத்தான் போயிற்று. வேலை செய்ய அனுமதி கிடைக்க வேண்டும். அதற்கு யாராவது வேலை கொடுக்க வேண்டும். காலையில் எங்களை அனுப்பிவிட்டு மார்க்கெட்டுக்குப் போவார். சூரை மீனைத் தவிர எதுவும் தெரியாத மீன்காரர்களிடம் சைகையில் பேசி வருவார். சமையல், துணி, மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது எல்லாம் அவர்தான். ஒரு நாள் நான் திரும்பியபோது முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தார். கீழ் வீட்டில் யாரோ, "டீச்சர் வீட்டுக்காரர்" என்று அவரை அறிமுகப்படுத்தினார்களாம். "அப்பிடித்தான?" என்றேன். "அப்பிடித்தாம். பழகணும்லா," என்றார். நான் வேறு ஆறுதல் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை விடுமுறையில் இரண்டு பேருமாகப் படகுத்துறைக்குப் பக்கத்தில் இருந்த ஒவ்வொரு விருந்தினர் விடுதிக்கும் ஏறி இறங்கினோம். வீடு தேடிய பழக்கம். எனக்குப் படிகள் பயம் விட்டுப்போயிருந்தது. ஒன்பதாவது விடுதியில் அறைகளைக் கவனிக்கிற வேலை கிடைத்தது. இப்போது அவருக்குக் கீழே ஆறு பேர் இருக்கிறார்கள். அவர்கள் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டேன். "அண்ணாச்சின்னு சொல்லிக் குடுத்திருக்கேன். அன்னாச்சிங்கானுவ," என்றார்.

மகள்தான் எங்களில் முதலில் ஊர்க்காரியானாள். வந்த இரண்டாம் மாதம் ஒரு நாள் ஓடிவந்து, "அம்மா, கீழ் வீட்டுப் பிள்ளைங்க ஒன்ன தாத்தாங்காங்க!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அவர்கள் பாஷையில் அது அக்கா. ஆனாலும் இன்றுவரை படிக்கட்டில் யாராவது என்னை அப்படிக் கூப்பிடும்போது, அவள் வாயைப் பொத்திக்கொள்வாள்.

தண்ணீர் விஷயத்தில் நான் வாக்குத் தவறினேன். தைப்பொங்கலுக்கு முதல் நாள் தாங்க முடியாமல் வீடு முழுக்க நாலு வாளி ஊற்றிக் கழுவிவிட்டேன். தண்ணீர் கதவுக்கு வெளியே போய், படிக்கட்டில் இறங்கி, நாலாம் மாடிக்காரர் செருப்புகளை நனைத்துவிட்டது. வீட்டுக்காரம்மாள் மேலே வந்து துடைப்பத்தை எடுத்துப் படியில் கிடந்த தண்ணீரைத் தள்ளிவிட ஆரம்பித்தாள். நான் கெஞ்சியும் நிறுத்தவில்லை. மூன்றாம் மாடி வந்ததும்தான், "சாரமில்ல. வருசத்தில் ஒரு திவசம்," என்றாள். பரவாயில்லை, வருடத்தில் ஒரு நாள்தானே என்று அர்த்தம். சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த வருடம் பொங்கலுக்கு முதல் நாள் அவளே வந்து, இன்று கழுவுகிறாயா என்று கேட்டாள்.

போன ஆடியில் விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். குற்றாலத்தில் ஒரு நாள் அறை எடுத்துத் தங்கினோம், பணம் கொடுத்து. அருவியில் தண்ணீர் அதிகம் விழுந்து பகலெல்லாம் குளிக்க விடவில்லை, அறையிலேயே கிடந்தோம். அண்ணன் இலத்தூரிலிருந்து பார்க்க வந்தான். "ஏட்டி, எப்பம் திரும்புதீங்க?" என்று கேட்டான். ஊருக்கு நிரந்தரமாகத் திரும்புவதைக் கேட்கிறான் என்று தெரியும். "பதினெட்டாந்தேதி பிளைட்டு," என்றேன். "நான் கொண்டு விடுதேன்," என்றான்.

இப்போது இதை எழுதும்போது பாதிச் சாமான்கள் அட்டைப்பெட்டிக்குள் இருக்கின்றன. கட்டடம் பழசாகிவிட்டது, இடித்து எட்டு மாடியாகக் கட்டப் போகிறார்கள். இரண்டு வருடமாவது ஆகும். போன மாதம் வீட்டுக்காரம்மாள் மேலே வந்து சொன்னபோது தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.  கட்டி முடிக்கிறவரை நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று கேட்டேன். அவர்களும் வாடகைக்குத்தான் போக வேண்டும் என்றாள். அவர்கள் ஐந்து பேர். மூத்த மகனால் நிறையப் படி ஏற முடியாது. கீழ் மாடி வேண்டும்.

"சேந்து தேடலாமா?" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒரே கட்டடத்தில் கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு. இரண்டு குடும்பம் சேர்ந்து கேட்டால் கொடுப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. கொடுக்காவிட்டால் அடுத்த வீடு.

இதுவரை ஐந்து இடம் பார்த்துவிட்டோம். அவள் அந்த ஊர்ப் பாஷையான திவேஹியில் பேசுவாள், நான் அளந்து குறிப்பேன், என் கணவர் மழை எந்தப் பக்கம் அடிக்கும் என்று முதலில் கேட்பார். இன்று நாலு மணிக்கு ஆறாவது. மகள் பள்ளி விட்டு நேரே அங்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கென்று தனி அறை இல்லாத வீட்டுக்கு இனிமேல் வரப்போவதில்லையாம். கீழேயிருந்து வீட்டுக்காரம்மாள் கூப்பிடுகிறாள். நேரமாகிவிட்டது, செருப்பைப் போட வேண்டும்.